அணைக்கக் கூடாத வண்டி

காலையில் வண்டியின் ஹார்ன்கூட முனகவில்லை. இசக்கிராஜ் பேட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளையை வெந்நீர் ஊற்றிக் கழுவினான், ஃபியூஸை மாற்றினான். செல்ஃப் எடுக்கவே இல்லை. ராத்திரி முழுக்கச் சாவியை ஆனிலேயே விட்டது யார் என்று மனைவி கோமுவோடு தொடங்கிய சண்டை, அவள் அம்மா வீட்டுக்குப் பையைத் தூக்கும்வரை வளர்ந்தது. கொண்டுபோய் விடவும் அதே வண்டிதான். பையை டேங்கின் மேல் வைத்துவிட்டு, கோபம் குறையாமல் கோமுவே பின்னாலிருந்து தள்ளினாள். தெருமுனையில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. அவள் ஓடிவந்து தாவி ஏறியபோது இருவருக்குமே சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. அம்மா வீட்டு வாசலில் அவன் ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பிடித்தபடியே சொன்னான்: "நின்னுட்டா பொறவு கெளம்பாது. சட்டுனு எறங்கு."

"உள்ள வந்து ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றாள் கோமு, இறங்காமலேயே.

"வண்டிய அணைச்சா பொறவு யாரு தள்ளுவா?"

கோமு பின்சீட்டிலிருந்து எட்டி, அவன் கைக்கு அடியில் கையை விட்டுச் சாவியை ஆஃப் செய்தாள். பிறகு இறங்கி, "எம்மா, ரெண்டு காப்பி போடு" என்றபடி உள்ளே போனாள். பை டேங்கின் மேலேயே இருந்தது.