ஆளுக்கு ஒரு சுற்று

மேசையைக் கவிழ்த்துப் போட்டதும் ஜாப் ஸ்டெபிங் மண்டியிட்டு அதன் அடிப்பலகையைக் கட்டைவிரலால் தடவினான்.

பன்னிரண்டு பேர் உட்கார்ந்து தின்கிற மஹாகனி மேசை. குடம் போலக் கடைந்த கால்கள். மெருகு மட்டும்தான் பாக்கி.

வேலைநிறுத்தம் தொடங்கி ஏழாவது வாரம். ஷோர்டிட்ச் வட்டாரம் முழுக்க ஒரு இழைப்புளியும் ஓடவில்லை என்று தெருவில் மார்தட்டிக்கொண்டிருந்தோம். இந்தப் பட்டறையின் மாடிக் கதவை உடைத்தபோது தரையெல்லாம் புதுச் சீவல்.

எங்களுக்குள் ஒரு கருங்காலி.

மேல்பலகையைப் பட்டு மாதிரி இழைப்போம். அடிப்பக்கத்தை எந்தச் சீமாட்டி குனிந்து பார்க்கப்போகிறாள் என்று முரட்டு இழைப்போடு விட்டுவிடுவோம். இழைப்புளி அலகில் பொக்கை விழுந்திருந்தால், அது போன வழியெல்லாம் பலகையில் நூல் போல ஒரு மேடு நிற்கும்.

இந்தப் பலகையில் இரண்டு மேடுகள், பக்கத்துப் பக்கத்தில்.

"பதினோரு வருஷம் ஆமோஸ் பக்கத்துல நின்னு வேலை பாத்தவன்டா நான்," என்றான் ஜாப். "இது அவன் இழைப்புளி."

காலியர் அண்ணன் தம்பி இருவரும் போய் ஆமோஸையும் அவன் கருவிப் பெட்டியையும் இழுத்து வந்தார்கள். படியிலேயே அடித்திருக்கிறார்கள். மேலுதடு பிளந்து பல் தெரிந்தது.

ஜாப் அவன் இழைப்புளியை எடுத்து ஒரு துண்டுப் பலகையில் ஓட்டினான். இரண்டு மேடு. அதே இடைவெளி.

"இழைப்புளி என்னோடதுதான்," என்றான் ஆமோஸ். "இழைச்சது நான் இல்ல. இரவல் குடுத்திருந்தேன்."

"யாருக்கு?"

ஆமோஸ் ரத்தத்தைத் துப்பினான். அறையில் நாங்கள் ஐந்து பேர். ஜாப்பைத் தவிர மற்ற எல்லோரும் சொந்தக் கருவிகளை விற்றுத் தின்றவர்கள்தான்.

"அவன் பிள்ளைகுட்டிக்காரன், ஜாப். விட்டுடு."

"கேட்டீங்களாடா, ஐயா கதை சொல்றாரு."

ஜாப் அவன் வயிற்றில் உதைத்தான். விழுந்தவனைத் தூக்கிப் பட்டறை மேசையோரம் நிறுத்தினோம். பலகையைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் அங்கே வாயைத் திறந்துகொண்டிருந்தது.

கைப்பிடியில் ஆளுக்கு ஒரு சுற்று. அதுதான் வழக்கம். எல்லோர் கையும் பட்டுவிட்டால் நாளைக்குப் போலீஸிடம் ஒருத்தனும் வாய் திறக்க மாட்டான்.

அவன் வலது கையை விரித்து உள்ளே வைத்தது நான். காய்ப்பு உரிந்து, உள்ளங்கை குழந்தைத் தோல் போல இருந்தது. மற்றவர்கள் அதைப் பார்க்கவில்லை. அவர்கள் கண்ணெல்லாம் அந்த இரண்டு மேடுகள் மேல்.

முதல் சுற்று ஜாப். வைஸ் பிடித்தது.

அடுத்து கிழட்டு வில்ஃப். தன் உள்ளங்கையை எங்களுக்குக் காட்டினான். "ஏழு வாரம் சும்மா கிடந்து, பாரு, பாதிரி கை மாதிரி ஆயிடுச்சு. ஞானஸ்நானமே குடுக்கலாம்டா இதால." எல்லோரும் சிரித்தோம். அவன் சுற்றினான். ஆமோஸ் சட்டைக் கையைக் கடித்துக்கொண்டான்.

மூன்றாவதில் விரல் முட்டிகள் உடைந்தன. ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தம் கேட்டது.

நான்காவதில் அவன் கத்தினான். கீழே தெருவில் போன வண்டி நின்றது, பிறகு போனது. வைஸின் வாயிலிருந்து ரத்தம் வடிந்து சீவலில் ஊறியது.

கடைசிச் சுற்று எனக்கு.

ஜாப் குனிந்து அவன் காதருகே சொன்னான். "கட்டைவிரலாச்சும் மிஞ்சும். பேரைச் சொல்லு. இப்பவே தளர்த்திடறேன்."

ஆமோஸ் அவன் பக்கம் திரும்பவில்லை. என்னையே பார்த்தான்.

"சீக்கிரம் சுத்துப்பா," என்றான்.

இருக்கிற பலத்தையெல்லாம் போட்டுச் சுற்றினேன். கட்டைவிரல் உள்ளே நொறுங்கியது கைப்பிடி வழியாக என் தோள்வரை தெரிந்தது. அவன் தலை தொங்கிவிட்டது.

"கோடாலி எடுத்துட்டு வாங்கடா," என்றான் ஜாப். "அந்த மேசையையும் பிளந்துட்டுப் போவோம்." பிறகு, சங்கத்துக் காரியம் முடிந்தால் செய்வது போல, ஒவ்வொருவராகக் கை குலுக்கிக்கொண்டு வந்தான்.

என் வலது உள்ளங்கை எரிந்தது. அந்த வாரம் எழும்பிய இரண்டு கொப்புளங்கள் உடைந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

ஜாப் என்னிடம் வந்தபோது நான் இடது கையை நீட்டினேன்.