குரோட்டன்ஸுக்குப் பின்னால்

"பாட்டிலை எங்க வச்சீங்க?"

"பால்கனியில. குரோட்டன்ஸ் தொட்டிக்குப் பின்னாடி."

"வெளிய தெரியுமா?"

"குனிஞ்சு பார்த்தாத்தான் தெரியும். வர்றவங்க எதுக்குக் குனியப் போறாங்க?"

தையல்காரரின் மனைவி பால்கனிவரை போய் நின்று பார்த்தாள். தக்காளி சாஸ் பாட்டிலின் மூடிகூடத் தெரியவில்லை.

மகளுக்குப் பிடித்த பையனின் அம்மா சாப்பிட வருகிறார். பல் டாக்டர். அவர் சரி என்றால்தான் கல்யாணம். ஹோட்டலில் உட்கார்ந்ததும், மேசையில் இருக்கிற தக்காளி சாஸை எடுத்துப் போகச் சொல்வாராம். பையன் விளையாட்டாகச் சொன்னதுதான். அதைக் கேட்டதிலிருந்து மனைவிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

மேசை நடுவில் சுண்டுவிரல் உயரத்தில் ஒரு ஜாடி. வெளிநாட்டுக் கடுகு விழுது. தையல்காரர் விரலால் தொட்டு நக்கினார்.

"கசக்குதே."

"உசத்தியானது அப்படித்தான் இருக்கும். முகத்தைச் சுளிக்காம முழுங்குங்க."

டாக்டர் வந்தார். ஜாடியைப் பார்த்துத் தலையசைத்தார்.

"பரவாயில்லையே. எல்லார் வீட்டுலயும் அந்தச் சிவப்பு பாட்டில்தான் நிக்கும். நாக்கு வளராதவங்க சாப்பிடறது."

"எங்க வீட்டுல அந்தப் பேச்சுக்கே இடமில்லைங்க" என்றாள் மனைவி.

தையல்காரர் வறுத்த உருளைக்கிழங்கை வெறுமனே மென்றார்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் தட்டோடு எழுந்தார். "செடியெல்லாம் வச்சிருக்கீங்க போல. பார்த்துக்கிட்டே சாப்பிடறேன்."

போனவர் திரும்பவில்லை. மனைவி கண்ணைக் காட்ட, தையல்காரரும் தட்டோடு பின்னால் போனார். சற்றுக் கழித்து உள்ளே வந்து, கைக்குட்டையைக் குழாயில் நனைத்துக்கொண்டு மறுபடியும் போனார்.

"என்னப்பா ஆச்சு?" என்றாள் மகள்.

"இலையில தூசி."

டாக்டர் கிளம்பும்போது, "வீட்டுக்குப் போய் போன் பண்றேன்" என்றார். அவ்வளவுதான்.

கதவைச் சாத்தியதும் மனைவி பால்கனிக்கு ஓடினாள். பாட்டிலோடு வந்தாள். தையல்காரரின் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை உருவினாள். சிவப்பு.

"காலையில பிரிச்ச பாட்டில். பாதியைக் காணோம்."

"பசிச்சுது."

"அந்தம்மா பக்கத்துல நிக்கறப்பவா? ஒரு வேளை நாக்கைக் கட்டி வைக்க முடியலை உங்களால. அவங்களைப் பார்த்தாவது கத்துக்கக் கூடாதா? பொண்ணு வாழ்க்கையில மண்ணைப் போட்டுட்டு நிக்கறீங்க."

"நிஜமாவாப்பா?" மகளின் குரல் உடைந்திருந்தது.

தையல்காரர் அவளைப் பார்த்தார். பிறகு பாட்டிலைப் பார்த்தார்.

"தப்புதான்" என்றார்.

போன் அடித்தது. மனைவி எழுந்து நின்றுகொண்டு பேசினாள்.

"சொல்லுங்க... அப்படிங்களா... ரொம்ப சந்தோஷங்க... எதுக்குங்க?... சரிங்க, சொல்றேன்."

போனை வைத்தவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சம்மதமாம். கல்யாண விருந்துல அவங்க மேசைக்குப் பக்கத்துல ஒரு செடித்தொட்டி வைக்கணுமாம். பெரிசா. பின்னாடி ஒரு ஆள் நின்னு சாப்பிடற மாதிரி. உங்ககிட்டச் சொன்னாப் புரியும்னாங்க."

மனைவி கைக்குட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப இது?"

"அவங்க சட்டைக் கையில சிந்திடுச்சு. வெள்ளைத் துணி, உடனே துடைக்கலைன்னா போகாது. நான் போனப்பவே பாட்டில்ல பாதிதான் இருந்துச்சு."

"அப்பவே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"'யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சம்பந்தி'ன்னாங்க. சம்பந்தின்னு கூப்பிட்டப்புறம் எப்படிக் காட்டிக் குடுக்கறது?"

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"தொட்டியை ரெண்டு ஆளுக்குத் தோதாப் பார்க்கறேன்" என்றார் தையல்காரர்.

மனைவி, மீந்த உருளைக்கிழங்கைத் தன் பக்கம் இழுத்தாள். பாட்டிலைக் கவிழ்த்து, அடியில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

"மூணு ஆளுக்குப் பாருங்க."