மிஸ் வீட்டு நெட்

"இன்னைக்கும் சரியா நம்ம பொண்ணு வாயைத் திறக்கிற நேரத்துல மிஸ்ஸோட நெட்டு நின்னுடுச்சுங்க."

சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவர் நிமிரவில்லை. நெட்டுக்கும் நம் குடும்பத்துக்கும் ஏதோ வரப்புத் தகராறு இருக்கும்போல என்றார்.

அவள் சிரிக்கவில்லை.

சின்னவளுக்கு ஆறு வயது. பேச்சு திக்கும். முன்பு சேர்த்த ஆங்கில வகுப்பில் மற்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அதிலிருந்து அங்கே வாயைத் திறக்கவே இல்லை. புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க நேர்முகம் வேறு வருகிறது. நாலு வார்த்தையாவது பேசட்டும் என்றுதான் இந்த ஆன்லைன் வகுப்பில் போட்டார்கள்.

திரையில் படம் வரும். பெயரைச் சொன்னால் நட்சத்திரம் கொட்டும். இங்கே சின்னவள் தானாகவே கை தூக்குகிறாள். ஆனால் அவள் தொடங்கியதும் மிஸ்ஸின் முகம் திரையில் அப்படியே நின்றுவிடுகிறது.

"ஊருக்கே பாடம் எடுக்கிறவங்க ஒரு நல்ல லைன் போட்டுக்க வேண்டாமா? என்ன அலட்சியம் பாருங்க."

அம்மா மிஸ்ஸிடமே போனில் கேட்டுவிட்டாள். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, ஆமாம், தப்பு தன் பக்கம்தான், மன்னிக்கணும் என்றாராம். லைனை மாற்றுகிறேன் என்று மட்டும் ஒரு வார்த்தை வரவில்லை.

வகுப்பை நடத்துகிறவர்களுக்குச் சொன்னாள். ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கள், ஆளையே மாற்றிவிடுகிறோம் என்றார்கள்.

இதைக் கேட்டதும் சின்னவளின் முகம் சுண்டிப்போனது.

"இந்த மிஸ்தான் வேணும்," என்றாள். அதைச் சொல்லி முடிக்கவே அவளுக்கு வெகுநேரம் ஆனது.

மறுநாள் மாலை வகுப்பு தொடங்கியதும், அம்மா பின்னால் நின்று போனில் படம் எடுத்தாள்.

வண்ணத்துப்பூச்சிப் படம் வந்தது. சின்னவள் கை தூக்கினாள்.

"ப... ப..."

மிஸ் நின்றுபோனார். ஒரு புருவம் மேலே, வாய் பாதி திறந்தபடி.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மிஸ் பொம்மையாகிவிட்டார் என்றான் ஒருவன். இன்னொருத்தி அதேபோல வாயைத் திறந்து காட்டினாள். அத்தனை கண்களும் மிஸ்மேல். சின்னவளை யாரும் பார்க்கவில்லை. அவளும் சிரித்தாள். சிரித்து ஓய்ந்து, மெல்ல, "பட்டர்ஃப்ளை" என்றாள்.

மிஸ்ஸுக்கு உயிர் வந்தது.

"அச்சச்சோ, மறுபடியும் என் நெட்டா? ஆனா பட்டர்ஃப்ளை மட்டும் தெளிவாக் கேட்டுச்சு."

நட்சத்திரம் கொட்டியது.

வகுப்பு முடிந்ததும் அவள் வீடியோவைக் கணவரிடம் நீட்டினாள். "நீங்களே பாருங்க. கண்ணிமைகூட அசையலை. இதை அனுப்பினா போதும்."

அவர் பார்த்தார். மறுபடி ஓட்டிப் பார்த்தார். அனுப்பப் போன அவள் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டார்.

"நெட்டு நின்னிருந்தா, அவங்களுக்குப் பின்னாடி ஜன்னல் திரை மட்டும் எப்படிம்மா காத்துல ஆடும்?"