பேட்டரி வெளியே தொங்கக் கூடாது

"நேருக்கு நேர் நின்னு சுட்டேன். ஒரு தடவை இல்ல, பல தடவை. 'ஹிட்'னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா, நிஷினா சான்?"

இசோபே போட்ட சத்தத்தில், ஆட்டம் முடிந்து வந்து பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

சிபா மாகாணத்தின் தேவதாருக் காட்டில் ஞாயிறுதோறும் நடக்கும் பொம்மைத் துப்பாக்கிச் சண்டை அது. பிளாஸ்டிக் குண்டு பட்டால் சாயம் ஒட்டாது, தடமும் இருக்காது. பட்டவரே கையைத் தூக்கி "ஹிட்" என்று சொல்லி வெளியேற வேண்டும். பட்டும் வாய் திறக்காதவருக்கு அங்கே ஒரே பெயர்தான்: ஸாம்பி, செத்தும் நடமாடும் பிணம்.

நிஷினா தலைகுனிந்தார். "மன்னிச்சுக்குங்க. நான் கவனிக்கல போல."

"மெத்தையைப் போர்த்திக்கிட்டு வந்தா எப்படிக் கவனிப்பாராம்?" என்றாள் ஒரிஹாரா. இசோபேயின் அணிக்காரி, வாய் கொஞ்சம் நீளம். நிஷினாவின் தடித்த கோட்டைப் பார்த்து நாலு பேர் சிரித்தார்கள்.

களப் பொறுப்பாளர் நிஷினாவைத் தனியே அழைத்துப் போனார். தாழ்ந்த குரல்தான். இன்னொரு புகார் வந்தால் இனி இங்கே வர வேண்டாம் என்பது எல்லோர் காதிலும் விழுந்தது.

இசோபே தன் கார்பைன் துப்பாக்கியை மடியில் கிடத்தித் தடவிக்கொடுத்தார்.

இரண்டு குளிர்காலம் அதற்குப் போயிருந்தது. அறுபதுகளின் மாதிரி: குட்டைக் குழல், வரிவரியாக உருண்ட முன்பிடி, சாம்பல் பூத்த நிறம். உதிரிப் பாகங்களைத் தேடித் தேடி வாங்கி, சமையலறை மேஜையில் வைத்துக் கோத்தார். விரல் படும் இடங்களில் மட்டும் புதுச் சாயத்தைத் தேய்த்துத் தேய்த்து, எத்தனையோ கைகள் மாறி வந்ததுபோல் ஆக்கினார். சில சாயங்காலங்களில், அது தன்னைவிட மூத்தது என்று அவரே நம்பிவிடுவதுண்டு.

காற்றை அடித்துக் குண்டைத் தள்ளும் மோட்டாருக்கு வேண்டிய பேட்டரிக்குத்தான் உள்ளே இடமில்லை.

"பெட்டியில போட்டு வெளிய தொங்க விட்டுத் தொலைங்களேன். ஊரே அப்படித்தான் செய்யுது" என்றாள் ஒரிஹாரா.

"அந்தக் காலத்துத் துப்பாக்கியில பேட்டரிப் பெட்டி தொங்குமாம்மா? கிமோனோ கட்டிக்கிட்டு முதுகுல ஸ்கூல் பையை மாட்டுன மாதிரி இருக்கும்."

"தொங்கல, சரி. சுடவும் மாட்டேங்குதே! போன ரெண்டு தடவையும் நடுக்காட்டுல ஊமையாயிடுச்சு. அதுக்குப் பதிலா ஒரு குடை கொண்டுவந்திருந்தா மழைக்காவது ஆகியிருக்கும்."

"இப்ப முன்பிடிக்குள்ள ஒல்லியா ஒரு பேட்டரி போட்டிருக்கேன். காலையில சோதனை மேடையில எப்படிச் சுட்டுது, பார்த்தேல்ல?"

"பார்த்தேன், பார்த்தேன். குறி அட்டையைத்தானே சுட்டீங்க? அட்டை கூடவா 'ஹிட்' சொல்லுச்சு?"

இசோபே சிரிக்கவில்லை. "இன்னிக்கும் ஒருத்தர் விழலைன்னா, இதைக் கழட்டித் துண்டு துண்டா வித்துடுவேன். அப்புறம் இந்தக் காட்டுப் பக்கமே வர மாட்டேன்."

குரலில் விளையாட்டு இல்லை.

மதியம் நீள மேஜையில் ஆவி பறக்கும் குழம்புச் சோறு. நிஷினாவின் இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தார்.

கடைசி ஆட்டத்தின்போது பனி இறங்கியது.

மரங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. ஈரப் பெரணிகள் முழங்காலை உரச, இசோபே நடந்தார். எது திசை, எது வருஷம் என்பதெல்லாம் மெல்ல நழுவிப்போயிற்று. கையில் இருந்தது பொம்மையா என்பதும்தான். எங்கோ ஒரு பறவை பாதிப் பாட்டில் நிறுத்திக்கொண்டது.

பனி விலகிய இடத்தில் நிஷினா நின்றிருந்தார்.

இசோபே விசையை இழுத்தார். பேட்டரி கைவிடவில்லை. மடியில் படுத்த பூனையின் வயிறுபோல் கார்பைன் கைக்குள் உறுமியது. வெள்ளைப் பனிக்குள் வெள்ளைக் குண்டு போவது யார் கண்ணுக்குத் தெரியும்? அவர் இழுத்துக்கொண்டே இருந்தார்.

நிஷினா அவரையே பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை உயரத் தூக்கினார்.

"ஹிட்!"

"ஸாம்பிக்கு உயிர் போயிடுச்சு, எல்லாரும் வாங்க!" என்று பனிக்குள்ளிருந்து ஒரிஹாராவின் கூவல் வந்தது. "காலையில வாங்குன திட்டு வேலை செஞ்சிருக்கு!"

"மனுஷன் பொய் சொல்லலாம். என் கார்பைன் சொல்லாது" என்றார் இசோபே. அவர் கண் கலங்கியிருந்தது.

பேட்டரியைக் கழற்றாமல் யாரும் களத்தை விட்டுப் போகக் கூடாது என்பது விதி. இசோபே முன்பிடியைத் திறந்தார். சோதனை முடிந்த பிறகு, மூடி ஒரு மயிரிழை விலகி நின்றதைப் பொறுக்காமல் அவர் உள்ளங்கையால் அழுத்தி மூடியிருந்தார். அந்த அழுத்தத்தில் பேட்டரி, குழலை முன்னால் தள்ளிவிட்டிருந்தது. குண்டு ஏறி வரும் வாயே அடைபட்டுக் கிடந்தது.

குண்டு நிரப்பும் மேகசினைத் தட்டில் கவிழ்த்தார். சோதனைக்குப் பின் நிரப்பியது அப்படியே கொட்டியது.

தட்டைக் கையில் ஏந்தியபடியே வண்டிகள் நிற்கும் இடத்துக்கு ஓடினார். நிஷினா தன் காரில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நிஷினா சான்… சோதனை மேடையை விட்டு வந்ததுலேருந்து இது ஒரு குண்டுகூடச் சுடல. வெறும் காத்துதான்."

"தெரியும். அவ்வளவு பக்கத்துல நின்னவனுக்குச் சத்தத்துலயே தெரியாதா?"

"காலையிலயே சொல்லியிருக்கலாமே! எல்லார் முன்னாடியும் உங்களை நான் என்னென்னவோ…"

நிஷினா காரின் பின்கதவை ஓசைப்படாமல் மூடினார்.

"காலையிலயே காட்டுக்குள்ள உங்க முகத்தைப் பார்த்தேன், இசோபே சான்; கனவு காணுற முகம். எழுப்ப மனசு வரல."