ஒரு டம்ளர் தண்ணீர்

"கத்துடி! ஒரு தடவையாவது வாய்விட்டுக் கத்தித் தொலை!"

மாடி முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டு ஜெசிந்தா மிக்ஸியை நிறுத்திவிட்டாள். சட்னியை அப்புறம் அரைத்துக்கொள்ளலாம்.

மனைவி கத்தவில்லை.

பம்பு கம்பெனியில் எச்.ஆர். மேனேஜர். குரலை உயர்த்தாமல் ஆளை வீட்டுக்கு அனுப்ப அங்கே அவளை விட்டால் வேறு ஆள் கிடையாது.

"செம்புலிங்கத்துகிட்டயும் இப்படித்தான் பேசினியா? நம்ம ரிஜிஸ்தர் கல்யாணத்துக்கு சாட்சிக் கையெழுத்துப் போட்டவன்டி. வேலைய விட்டு அனுப்பின. இப்ப ஆளே இல்ல."

"உங்க வருத்தம் எனக்குப் புரியுது."

சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே விழுந்தது. ஆபீஸில் சொல்லும் அதே வாக்கியம். அதே நிதானம்.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. அனுப்பவேண்டிய ஆளை உட்காரவைத்து, முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பாள். பிறகுதான் விஷயம். அவள் அறையிலிருந்து வருகிறவரிடம் என்ன ஆச்சு என்று யாரும் கேட்பதில்லை.

தண்ணி வச்சாங்களா?

அவ்வளவுதான் கேள்வி.

எல்லோரும் மடமடவென்று குடித்துவிடுவார்கள். செம்புலிங்கம் குடிக்கவில்லை. கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி டம்ளர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

அவன் செத்த சேதி வந்ததிலிருந்து, எந்த மேசையைப் பார்த்தாலும் அந்த டம்ளர் இருந்தது. நிறைந்தே இருந்தது.

கணவன் இன்னும் கத்தினான். தொண்டை கட்டியது. இருமினான்.

அவள் கை தானாகப் போனது. தண்ணீர் பிடித்து அவன் முன்னால் வைத்தாள்.

கத்தல் நின்றது.

"எனக்குமா?"

இல்லை என்று அலற நினைத்தாள்.

"ப்ளீஸ், உட்காருங்க" என்றது அந்தக் குரல்.

சாவிக்கொத்திலிருந்து வீட்டுச் சாவியை மட்டும் கழற்றி, டம்ளர் பக்கத்தில் வைத்தான்.

விவாகரத்து முடிந்த கையோடு அவன் தாராபுரத்தில் கல்யாணம் செய்துகொண்டான். புதுப்பெண் போடும் சத்தம் தெருமுனை வரை கேட்கிறதாம். ஆள் நன்றாகச் சதை போட்டிருக்கிறான்.

சேதியை ஜெசிந்தாதான் ஓடிப்போய்ச் சொன்னாள்.

"ரொம்ப சந்தோஷம்" என்றாள் அவள், அதே நிதானத்தில். பங்குனியில் மாற்றல் வாங்கிக்கொண்டு புனேவுக்குப் போய்விட்டாள்.

கோடை முழுக்க வீடு பூட்டிக் கிடந்தது. ஆடியில்தான் வீட்டுச் சொந்தக்காரர் திறந்தார். மேசைமேல் அவன் வைத்த சாவி அப்படியே இருந்தது.

பக்கத்தில் டம்ளர். தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை என்கிறாள் ஜெசிந்தா.

அவள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள்.