இலுப்பைப் பொந்து ஈ

கோப்பாய்க் கோயிலின் பின்பக்கத்து இலுப்பைத் தோப்பில் தை மாதத்துக் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. அந்த வெயிலில், கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட ஒரு பூச்சி, நூலில் கட்டித் தொங்கவிட்டதுபோல் அந்தரத்தில் நிற்கிறது. ரீங்காரம் மட்டும் கேட்கிறது. எதிரே, கிழட்டு இலுப்பையின் பொந்தைக் கொளுத்தவென்று எரிகிற ஓலைச் சூளோடு நிற்கிறார் தம்பிராசா. மண்ணெண்ணெய் இல்லாத காலம். அவருக்கு விறகு வேண்டும்; மரத்தைத் தறிக்கமுன் பொந்துப் பூச்சிகளைக் கொளுத்திவிடப் பார்க்கிறார். “தள்ளி நில்லுங்கோ ரீச்சர், உது குளவி.” “இல்லை அண்ணை, உது ஈ. கொட்டாது.” சொல்லிவிட்டாளே தவிர, பள்ளிக்கூட ரீச்சர் பொன்மலருக்கே அது முழு நிச்சயமில்லை. மாரி முழுக்கப் பொந்துத் தண்ணீரில் வால் நீண்ட புழுக்களாகத்தான் அவள் இதைக் கண்டிருக்கிறாள். செட்டை முளைத்து ஒருநாளும் கண்டதில்லை. சூளுக்கு முன்னால் போய் நின்று கையை நீட்டுகிறாள். பூச்சி விலகுகிறது, திரும்புகிறது, அவளுடைய சுட்டுவிரலில் வந்து இருக்கிறது. தம்பிராசா சூளைத் தள்ளிப் பிடித்துக் குனிந்து பார்க்கிறார். அது முன்கால்களால் முகத்தைத் துடைக்கிறது. “பாருங்கோ அண்ணை, ரெண்டே ரெண்டு செட்டை! குளவி எண்டால் நாலு இருக்கும்!” அவளுடைய குரல் தோப்பு முழுவதும் கேட்கிறது. தம்பிராசா சூளை மணலில் குத்தி அணைக்கிறார். பொந்தின் விளிம்பில் உக்கிப்போன மரத்துக்குள்ளிருந்து இன்னொன்று ஈரச் செட்டையோடு தலைநீட்டுகிறது, பின்னால் மற்றொன்று. “ஓம் ரீச்சர்,” என்று மெல்லச் சொல்லி, கரி படிந்த தன் விரலையும் அவர் வெயிலுக்குள் நீட்டுகிறார்.