சபீனோவின் கால்கள்

டிடிகாகா ஏரியில் படகு கவிழ்ந்த நாளிலிருந்து சபீனோ சுவரோடுதான் பேசினான். ஆஸ்பத்திரி மாத்திரை அவன் தலைக்குள் கேட்ட இரைச்சலை அடக்கியது. ஆளைத் திருப்பித் தரவில்லை.

“பயத்துல அவன் ஆன்மா ஏரியிலயே நின்னுபோச்சு” என்றாள் அம்மா.

அவனுடைய கம்பளித் தொப்பியை எடுத்துக்கொண்டு அக்கா நெமேசியா கரைக்குப் போனாள். “சபீனோ, வாடா, வீட்டுக்குப் போகலாம்” என்று வழியெல்லாம் கூப்பிட்டபடி, திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்தாள். ஆன்மாவைக் கூட்டிவரும் வழக்கம் அப்படி.

காலையிலிருந்து கட்டிலை விட்டு இறங்காத தம்பியின் தலையில் தொப்பியை மாட்டினாள்.

“ஏன்க்கா இவ்ளோ வேகமா நடந்தே? கால் வலிக்குது.”

அவன் கால்களில் முழங்கால்வரை ஈரச் சேறு. அம்மா அழுதுகொண்டே கழுவிவிட்டாள். கழுவிய தண்ணீரில் சுண்டுவிரல் நகமளவு மீனொன்று நீந்தியது.

“நாளைக்கு மாத்திரை வாங்கப் போறப்ப இதை ஏரியில விட்டுடுடி. அது நம்ம புள்ளையக் குடுத்துச்சு. அதோட புள்ளைய நாம வச்சுக்கலாமா?”